ஆராய்ச்சிக்கு மட்டும் கல்கண்டு

பினாங்கில் இன்னும் மியூசியம் வைக்கப்படாத பொருள் ஏதாவது மிச்சமிருந்தால், அது எங்கள் வீட்டுக் கட்டிலுக்கு அடியில்தான் கிடக்க வேண்டும். 2008இல் ஜார்ஜ்டவுன் யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் ஏறினாலும் ஏறியது, பழைய கடைவீடு ஒன்று காலியானால் அங்கே அடுத்து வரப்போவது தங்கும் விடுதியா மியூசியமா என்று பந்தயம் கட்டலாம் என்றாகிவிட்டது. கேமராவுக்கு ஒன்று, கண்ணாடிக்கு ஒன்று, நாற்காலியும் மேசையும் கூரையில் தொங்கும் தலைகீழ் மியூசியம் ஒன்று. பேய்க்குக்கூட ஒன்று பார்த்தாயிற்று. லெபோ பந்தாயில் வொண்டர்ஃபுட் மியூசியம் இருக்கிறது. அங்கே ஆள் இறங்கிக் குளிக்கும் அளவுக்குக் கிண்ணங்களில் உணவுகளைச் செய்து வைத்திருக்கிறார்கள். செண்டோல் உட்பட அத்தனையும் பொம்மை. எனக்கு இனிப்பு நீர். வீட்டார் முறைக்காமல் நான் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்ளக்கூடிய ஒரே செண்டோல் அதுதான் என்பதால், அந்த இடத்தின்மேல் எனக்குத் தனி மரியாதை.

மலேசியாவில் பெரியவர்கள் ஐவரில் ஏறக்குறைய ஒருவருக்கு இனிப்பு நீர் இருப்பதாக 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வு சொன்னது. எங்கள் அடுக்குமாடியின் மின்தூக்கிக்கு முன்னால் ஐந்து பேர் நின்றால், மற்ற நால்வரும் கவலைப்பட வேண்டாம். அந்த ஒருவன் வந்துவிட்டேன். போதாக்குறைக்கு என் மனைவி அரசு கிளினிக்கில் தாதி. ஊரார் வீட்டில் சீனி டப்பா எறும்புக்கு பயந்து மேல்தட்டில் இருக்கும். எங்கள் வீட்டில் அது எனக்கு பயந்து இருக்கிறது. காலையில் மாமாக் கடையில் பாலும் சீனியும் இல்லாத 'கோப்பி ஓ கோசோங்' என்று நான் கேட்கும்போது, கோப்பி கலக்குகிறவர் என்னைத் துக்கம் விசாரிக்கும் பாவனையில் பார்ப்பார்.

இப்படிப்பட்டவன் வீட்டுக்குத்தான், பள்ளி விடுமுறையின் முதல் வாரத்தில், மிட்டாய் வழியாக விஞ்ஞானம் வந்து சேர்ந்தது.

கொண்டுவந்தவள் மகள். தமிழ்ப்பள்ளியில் நான்காம் ஆண்டு. "அப்பா, வெளிநாட்டு மியூசியத்துலே மிட்டாய வெச்சே சயின்ஸ் சொல்லித் தராங்களாம். ஓவியமும் செய்யலாமாம். குடும்பத்தோட போகணுமாம்" என்றாள். குடும்பத்தோடு என்ற சொல்லைக் கேட்டதும் என் கை சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தது. அதுவாகவே செய்யும்.

அவள் சொன்னது உண்மைதான். பிள்ளைகளுக்கென்று தனியாக மியூசியம் என்ற எண்ணமே ஒரு நூற்றாண்டைத் தாண்டியது. அமெரிக்காவின் புருக்ளினில் 1899இல் முதல் குழந்தைகள் அருங்காட்சியகம் திறந்தது. 'தொடாதே' என்ற பலகைக்கு எதிராகவே 1969இல் சான் பிரான்சிஸ்கோவில் எக்ஸ்புளோரட்டோரியத்தைத் தொடங்கினார் ஃபிராங்க் ஒப்பன்ஹைமர், அணுகுண்டு ஒப்பன்ஹைமரின் தம்பி. அண்ணன் செய்ததைத் தொட முடியாது. தம்பி செய்தது எல்லாவற்றையும் தொடலாம். நம் பக்கமும் குறையில்லை. கோலாலம்பூரில் இரட்டைக் கோபுரத்துக்குள் பெட்ரோசைன்ஸ் 1999இலிருந்து இருக்கிறது. எங்களுக்கு அரைமணி நேரத் தூரத்தில், கொம்தாரின் அந்தக் கூண்டுக் கூரைக்குள் 2016இல் டெக் டோம் வந்தது. பிள்ளைகளைக் கூட்டிப் போயிருக்கிறோம். நல்ல இடம். மின்சாரம், ஒளி, இயந்திர மனிதன் என்று எல்லாவற்றையும் அமுக்கலாம், சுழற்றலாம். ஆனால் மகளுக்கு வேண்டியது மிட்டாய்.

நான் கணக்குப் போட்டேன். நுழைவுச்சீட்டு, கார் நிறுத்தும் கட்டணம், வெளியே வந்ததும் பசிக்கும் வயிறுகள், நினைவுப்பொருள் கடையை ஒட்டியே வைக்கப்பட்ட வெளிவாசல். மறுபக்கம், அரசு விலையில் கிலோ 2.85 வெள்ளிக்குச் சீனி. "நம்ம வீட்டிலேயே மியூசியம் வைக்கலாம்" என்று அறிவித்தேன். கஞ்சத்தனத்தைக் கல்விப்பணியாக மாற்றிப் பேசும் திறமை எனக்கு இயல்பாகவே உண்டு.

மனைவி நிமிர்ந்து பார்த்தாள். "சீனியிலயா?"

"ஆராய்ச்சிக்கு மட்டும்" என்றேன்.

என் தொழிலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருக்கிறேன். நெல் விளைந்த அந்த மண்ணில் 1972இல் தடையற்ற வாணிப வட்டாரம் வந்தது, இன்டெல் வந்தது, பின்னாலேயே மற்றவர்கள் வந்தார்கள். அங்கே வேலை செய்கிறவர்கள் குடியிருக்கத்தான் பக்கத்தில் எங்கள் பாயான் பாரு புதுநகரம் எழுந்தது. தூசி புகாத அறையில் கண் மட்டும் தெரியும் வெள்ளை உடுப்புடன் நான் ஒரு விரலை உயர்த்தினால் ஒரு உற்பத்தி வரிசையே நின்றுவிடும். வீட்டில் இரு கைகளையும் உயர்த்தினாலும் மின்விசிறிகூட நிற்காது. இந்த ஏற்றத்தாழ்வைச் சரிசெய்யும் வாய்ப்பாக இதைக் கருதி, எஸ்.ஓ.பி. ஒன்று தட்டச்சு செய்து குளிர்பெட்டிக் கதவில் ஒட்டினேன். விதி 1: சோதனைப் பொருளைச் சாப்பிடக் கூடாது. விதி 2: விதி 1 அனைவருக்கும் பொருந்தும்.

இரண்டாம் விதிக்குப் பக்கத்தில் மனைவி சிவப்பு மையில் என் பெயரை எழுதி வைத்தாள்.

வண்ண மிட்டாயில் தொடங்கினோம். இது எல்லா ஊர் மியூசியத்திலும் முதல் பாடமாம். வெள்ளைத் தட்டின் விளிம்பில் நிறம் நிறமாக மிட்டாய்களை வட்டமாக அடுக்கி, நடுவில் வெதுவெதுப்பான தண்ணீரை மெல்ல ஊற்ற வேண்டும். மேல்பூச்சுச் சீனி கரைந்து, நிறத்தையும் சுமந்துகொண்டு தட்டின் அடியோடு நடுவை நோக்கி நகரும். சிவப்பும் பச்சையும் பக்கத்துப் பக்கத்தில் வருகின்றன, ஆனால் கலக்கவில்லை. இரண்டு பக்கமும் சீனியின் அடர்த்தி ஏறக்குறைய ஒன்றாக இருப்பதால் ஒன்று மற்றதற்குள் பாய அவசரமில்லை. தட்டைத் தட்டாமல் விட்டால் கேக் வெட்டிய மாதிரி நேர்கோட்டுத் துண்டுகளாக நிற்கும். இன்னொன்றும் கண்டோம்: மிட்டாயின் மேல் அச்சடித்த வெள்ளை எழுத்து தண்ணீரில் கரையாத மை. அது தோலோடு கழன்று மேலே மிதந்து வந்தது. ஒரு எழுத்து தனியாக நீந்துவதைப் பார்த்து, ஒன்றாம் ஆண்டு படிக்கும் மகன் எழுந்து நின்று கைதட்டினான். தமிழில் எழுத்துக்கூட்டி வாசிக்கச் சொன்னால் அவனுக்கு இந்த உற்சாகம் வருவதில்லை.

மாமியார் தட்டை எட்டிப் பார்த்துவிட்டு, "கோலம் நல்லா இருக்கு. ஆனா சாப்பாட்டுத் தட்டுலயா போடுவாங்க?" என்றார். அந்த ஒரு வாக்கியத்தில் விஞ்ஞானம் முடிந்து கலைப்பிரிவு தொடங்கியது. தீபாவளிக்கு இங்கே பேரங்காடிகளின் நடுக்கூடத்தில் வண்ண அரிசியால் பெரிய மயில் போடுவார்கள் அல்லவா, அந்த மாதிரி வேண்டும் என்று மகள் அடம்பிடித்தாள். வீட்டு வாசலுக்கு வெளியே, பொது நடைபாதையில், மிச்சமிருந்த மிட்டாய்களால் ஒரு மயில் போடப்பட்டது. எதிர்வீட்டுச் சீன ஆன்ட்டி படம் எடுத்தார். கீழ்வீட்டு மலாய் மக்சிக் மேலே ஏறி வந்து தலையாட்டிவிட்டுப் போனார். நான் பக்கத்தில் நின்று, யாரும் கேட்காமலே, அடர்த்தி பற்றி விளக்கம் தந்தேன். மாலைக்குள் மயிலின் தோகையில் ஒரு கறுப்புக் கோடு அசைவது தெரிந்தது. அரிசிமாவுக் கோலம் எறும்புக்கு அன்னதானம் என்பார்கள். நாங்கள் போட்டது கல்யாண விருந்து. சுற்றுவட்டார எறும்புகள் அத்தனையும் குடும்பத்தோடு வந்திருந்தன, நுழைவுச்சீட்டு இல்லாமல்.

அடுத்தது கரடி. கம்மி கரடியை இரவு தண்ணீரில் போட்டால் காலையில் இரட்டிப்பாகும், உப்புத் தண்ணீரில் போட்டால் அவ்வளவு வளராது. உள்ளே சீனி அதிகம், வெளியே இல்லை, ஆகவே தண்ணீர் உள்ளே போகிறது. ஜெலட்டின் என்ற வலைப்பின்னல் அதைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. 1922இல் ஜெர்மனியின் போன் நகரில் ஹான்ஸ் ரீகல் இந்தக் கரடியைச் செய்தபோது, நூறு வருடம் கழித்து பாயான் பாருவில் ஒரு சமயப் பேச்சுவார்த்தைக்கு அது காரணமாகும் என்று நினைத்திருக்க மாட்டார். நான் வாங்கி வந்த பொட்டலத்தில் ஹலால் முத்திரை பளிச்சென்று இருந்தது. மனைவி பின்பக்கத்தைப் படித்தாள். மாட்டு ஜெலட்டின். மாமியார் நாற்காலியோடு சேர்ந்து ஒரு அடி பின்னால் நகர்ந்தார். இறக்குமதிச் சாமான் விற்கும் கடையில் வேறொரு பொட்டலம் எடுத்தேன். அது பன்றி. மக்சிக்கின் பேரன் பாதி நாள் எங்கள் வீட்டில்தான் இருக்கிறான், அவன் கைக்கு எட்டும் இடத்தில் அதை எப்படி வைப்பது? மூன்றாவதாக, பழத்தோலில் எடுக்கும் பெக்டினில் செய்த சைவக் கரடி கிடைத்தது. எல்லாச் சமயத்தாரும் ஒப்புக்கொண்ட ஒரே கரடி அது. இரவு தண்ணீரில் போட்டோம். காலையில் குவளையில் கரடி இல்லை. வலை கெட்டியில்லாததால் கரைந்தே போயிருந்தது.

கடைசியில் மாட்டுக் கரடிக்கே திரும்பினோம். கையுறை போட்டுக்கொண்டு, மேசையில் நாளிதழ் விரித்து, தூசி புகாத அறையின் முழு ஒழுங்கோடு. காலையில் அது கட்டைவிரல் அளவுக்கு ஊதி, கண்ணாடிக் குவளையின் அடியில் கிடந்தது. நான் சவ்வூடுபரவல் என்று தொடங்கி, வலைப்பின்னல் என்று நடுவழியில் இருக்கும்போது மாமியார் தூரத்திலிருந்தே கேட்டார்: "செத்த மாடு தண்ணியிலே கெடந்தா ஊதாதா மாப்பிள்ளே?" எனக்கு அதற்குப் பதில் வரவில்லை. குவளையோடு கரடி குப்பைக்குப் போனது. அந்த மதியமே மாமியார் கடற்பாசி காய்ச்சி, தேங்காய்ப்பால் ஒரு அடுக்கு, பண்டான் பச்சை ஒரு அடுக்கு என்று அகார்-அகார் செய்து, "இதை ஆராய்ச்சி பண்ணுங்க" என்று வைத்தார். ஆராய்ச்சி பத்து நிமிடத்தில் முடிந்து தட்டு கழுவப்பட்டது. விதி 1 இருந்ததா என்று கேட்காதீர்கள். உணவைக் கொட்டக் கூடாது என்ற விதி குளிர்பெட்டிக்கு வெகுகாலம் முன்னாலேயே இந்த வீட்டுக்கு வந்துவிட்டது.

என் பங்கு? ஒரு ஓரம். வெட்டும்போது ஒட்டிக்கொண்ட ஓரம்.

கோலா ஊற்றுப் பரிசோதனையை நீட்ட வேண்டியதில்லை, உலகமே அறிந்தது. புதினா மிட்டாயின் சொரசொரப்பான மேற்பரப்பில் கரியமில வாயு சட்டென்று குமிழ் கட்டும், மிட்டாய் அடிக்குப் போய்விடுவதால் முழுப் புட்டியும் ஒரே நேரத்தில் பொங்கும். சீனி போட்ட பானத்தைவிடச் சீனியில்லாத பானம் உயரமாக எழும். இந்தக் கண்டுபிடிப்பால் பாதிக்கப்பட்டவன் நான். சீனிப் பானங்களுக்கு 2019 ஜூலை 1இல் அரசு லிட்டருக்கு 40 சென் வரி போட்ட நாளிலிருந்து எங்கள் வீட்டில் இருப்பது சீனியில்லாத கோலா மட்டும். எனக்கு வாரத்துக்கு அனுமதிக்கப்பட்ட ஒரே ஆடம்பரம் அது. அது என் கண்ணெதிரில் பலகணியிலிருந்து வானத்துக்குப் போய், கீழ்வீட்டு மக்சிக் உலர்த்தியிருந்த போர்வைமேல் இறங்கியது. "ஒட்டாது மக்சிக், இதிலே சீனி இல்லை" என்று மலாயில் விளக்கினேன். அவர் போர்வையை மேலே கொண்டுவந்து தந்தார். துவைத்துக் கொடுத்தேன்.

பஞ்சு மிட்டாய் செய்யலாம் என்றான் மகன். அந்த இயந்திரத்தை 1897இல் ஒரு மிட்டாய்க்காரரோடு சேர்ந்து உருவாக்கியவர் வில்லியம் மாரிசன் என்ற பல் மருத்துவர் என்று நான் சொன்னதும் மனைவி சமையலறையிலிருந்து, "தொழில் தெரிஞ்ச ஆளு" என்றாள். 1904இல் செயிண்ட் லூயிஸ் கண்காட்சியில் 68,655 பெட்டி விற்றார்களாம். பல் எத்தனை விழுந்தது என்று யாரும் எண்ணியதாகத் தெரியவில்லை. சுழல் இயந்திரத்துக்கு நான் எங்கே போவது? பசார் மாலாமில் சில வெள்ளிக்கு வாங்கிக் கொடுத்துவிட்டு, உருகிய சீனி சிறு துளைகளின் வழியே சிதறிக் காற்றில் உறைவதை வாயால் விளக்கினேன். மியூசியத்தில் இதைச் செயல்விளக்கம் என்பார்கள்.

பாகு காய்ச்சும் நாள்தான் என் பெருமை உச்சத்தில் இருந்த நாள். மிட்டாய்த் தொழிலில் எல்லாமே வெப்பநிலை. தண்ணீர் ஆவியாக ஆவியாகப் பாகின் கொதிநிலை ஏறும். 112இலிருந்து 116 செல்சியஸ்வரை குளிர்நீரில் விட்டால் மெத்தென்று உருளும். 146ஐத் தாண்டினால் கண்ணாடி போல உடையும். இன்னும் விட்டால் நிறம் மாறிக் கசக்கத் தொடங்கும். தொழிற்சாலைப் பழக்கத்தில் ஒரு இலக்க வெப்பமானி வாங்கி, சரிபார்த்த தேதியிட்ட சீட்டு ஒட்டி, அட்டவணை வரைந்து நின்றேன். மாமியார் அதிரசத்துக்குப் பாகு காய்ச்ச வந்தவர், கரண்டியைத் தூக்கிப் பார்ப்பதும், கிண்ணத்துத் தண்ணீரில் ஒரு சொட்டு விடுவதும், விரலால் திரட்டுவதுமாக இருந்தார். "கம்பிப் பதம் தாண்டிடுச்சு… இன்னும் இல்லே… இப்ப எறக்கு." நான் குனிந்து பார்த்தேன். 114. பிள்ளைகள் பாட்டியைப் பார்த்தார்கள், பிறகு சீட்டு ஒட்டிய என்னைப் பார்த்தார்கள். மாமியாருக்கும் வெப்பமானியைப் பிடித்துப்போயிற்று. வாங்கித் தன் அறைக்குக் கொண்டுபோய்விட்டார். நான் போட்டுத் தரும் தேநீர் ஆறிப்போயிருக்கிறது என்று இத்தனை வருடம் வாய்மொழியாக வந்த புகார் இப்போது தசம இலக்கத்தோடு வருகிறது.

பாகு ஆறும்வரை அவர் ஊர்க்கதை சொன்னார். அவருக்கு நிபோங் திபால் பக்கம். கித்தா மரம் வருவதற்கு முன்னால் செபராங் பிறையில் கரும்புதான். முதலில் பத்து காவான் பக்கத்தில் சீனர்கள் நட்டார்கள், பிறகு வெள்ளைக்காரர்கள் பெரிய தோட்டங்களாக ஆக்கினார்கள். 19ஆம் நூற்றாண்டில் ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழர்கள் பினாங்குத் துறைக்குக் கப்பலேறி வந்ததில் பெரும்பகுதி இந்தக் கரும்பு வெட்டத்தான். காலிடோனியா தோட்டத்தின் பெயரை மாமியார் சொன்னால் அது ஏதோ திருநெல்வேலிக் கிராமம் மாதிரி ஒலிக்கும். 20ஆம் நூற்றாண்டு பிறந்ததும் கித்தா விலை ஏற, கரும்பு அழிந்தது. பிறகு 1964இல் பிறையில் சீனி ஆலை ஓடத் தொடங்கியது. கரும்பு போனது, கப்பலில் கச்சாச் சீனி வந்தது. வெட்டினவர்களுக்குச் சீனி கிடைத்ததா என்று மகள் கேட்டாள். "மொளாசுன்னு ஒரு கழிவுப்பாகு இருக்கும்லே, அதுதான்னு எங்க பாட்டி சொல்லும்" என்றார் மாமியார். என் முப்பாட்டனும் அந்தக் கரையில்தான் இறங்கியிருக்கிறார். கொள்ளுப்பேரன் சீனியின் பக்கத்தில் போகக் கூடாது என்று அப்போது யாரும் அவருக்குச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஒப்பந்தத்தில் கைநாட்டு வைக்குமுன் கொஞ்சம் யோசித்திருப்பார்.

இனி கல்கண்டு.

இருபது செல்சியஸில் 100 கிராம் தண்ணீர் ஏறக்குறைய 200 கிராம் சீனியைக் கரைக்கும். கொதிநிலையில் அதே தண்ணீர் 480 கிராமுக்கு மேல் வாங்கிக்கொள்ளும். ஆற வைத்தால், வாங்கிய கடனைத் திருப்பித் தந்தே ஆக வேண்டும். நூல் ஒன்றைத் தொங்கவிட்டால் மிகுதிச் சீனி அதில் வந்து படிகமாக உட்காரும். பொறுமை வேண்டும், அசைக்கக் கூடாது, மூடி வைக்க வேண்டும். பினாங்கின் ஈரக்காற்றில் இது சுலபமில்லை. எறும்புக்காகக் குவளையைத் தண்ணீர்த் தட்டில் நிறுத்தினேன். தினமும் வேலை முடிந்து வந்ததும் நூலின் பருமனை அளந்து எழுதினேன். என் பிள்ளைகளின் உயரத்தைக்கூட நான் இவ்வளவு ஒழுங்காகக் குறித்ததில்லை. ஒருநாள் வந்து பார்க்கிறேன், குவளையைக் காணோம். பூஜை அலமாரியில், முருகன் படத்துக்கு முன்னால் இருந்தது. "வெள்ளிக்கிழமை. கல்கண்டுதானே?" என்றார் மாமியார்.

எனக்குள் ஒரு விளக்கு எரிந்தது. நைவேத்தியம் ஆகிவிட்டால் அது பிரசாதம். பிரசாதத்தை மறுப்பது பாவம். எஸ்.ஓ.பி.யில் பிரசாதம் பற்றி எதுவும் இல்லை. முகத்தில் பக்தியை வரவழைத்துக்கொண்டு கையை நீட்டினேன்.

"அவருக்கு விபூதி மட்டும் போதும்மா" என்றாள் மனைவி, திரும்பிக்கூடப் பார்க்காமல்.

சமயத்தின் வழி அடைபட்டதால் மறுபடியும் விஞ்ஞானத்திடமே போனேன். கெட்டிச் சீனியை இருட்டில் உடைத்தால் ஒளி வரும். ஃபிரான்சிஸ் பேக்கன் 1620இல் வெளியிட்ட நோவம் ஆர்கானம் நூலிலேயே இதைக் குறித்திருக்கிறார். படிகம் விரிசல் விடும்போது இரு பக்கமும் மின்னேற்றம் பிரிகிறது. அது திரும்பத் தாவும்போது காற்றிலுள்ள நைட்ரஜன் தூண்டப்பட்டு ஒளிர்கிறது. பெரும்பகுதி கண்ணுக்குத் தெரியாத புற ஊதா, கொஞ்சம் மட்டும் நீலம். வின்டர்கிரீன் எண்ணெய் சேர்த்த மிட்டாயாக இருந்தால் அந்த எண்ணெய் புற ஊதாவை விழுங்கி நீலமாக உமிழும், நன்றாகத் தெரியும். அந்த எண்ணெயின் சாரம் மெத்தில் சாலிசிலேட். அது வேறெங்கும் இல்லை, மாமியார் முழங்காலில் தடவும் கோடாலித் தைலத்திலேயே இருக்கிறது என்று சொன்னேன். பிள்ளைகள் பாட்டியின் முழங்காலை உடனே இருட்டறைக்குள் கொண்டுபோகப் பார்த்தார்கள்.

படுக்கையறையில் சன்னல் திரைக்கு மேல் போர்வை கட்டினோம். கதவு இடுக்கில் துண்டு. கண் இருட்டுக்குப் பழகப் பத்து நிமிடமாவது வேண்டும். அந்தப் பத்து நிமிடத்தில் மகன் இரண்டு பேய்க்கதை கேட்டான், மாமியார் ஒரு கொட்டாவி விட்டார், மகள் கடிகாரத்தின் ஒளிரும் முள்ளைத் தலையணைக்கு அடியில் மறைத்தாள். பிறகு பிளையரில் ஒரு கட்டி கல்கண்டை வைத்து அழுத்தினேன். கறக்! கணநேரம். தீக்குச்சி உரசும்போது பற்றாமல் போனால் ஒரு சாயல் தெரியுமே, அதைவிட மங்கலாக, நீலமாக, வந்ததா இல்லையா என்று சந்தேகப்படும்படி ஒன்று. "பாத்தேன்!" என்றாள் மகள். "எங்கே?" என்றான் மகன், தப்பான திசையில் உட்கார்ந்திருந்தவன். மறுபடியும் கறக். இந்த முறை மாமியாரே "முருகா" என்றார்.

அப்போதுதான் மகள் கேட்டாள்: "வாயில கடிச்சாலும் வெளிச்சம் வருமாப்பா?"

வரும். கண்ணாடி முன்னால் நின்று, உதட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, ஈரம் படுமுன் கடைவாயால் கடிக்க வேண்டும். எல்லா மியூசியத்திலும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பார்கள். ஆனால் பால்பல் ஆடிக்கொண்டிருக்கும் ஒரு பையனையும், நேற்றுத்தான் பல் அடைத்து வந்த ஒரு பெண்ணையும், மேல்வரிசை முழுக்கக் கழற்றி மாட்டும் ஒரு மூதாட்டியையும் இந்த ஆபத்தில் தள்ள எந்தக் குடும்பத் தலைவன் சம்மதிப்பான்? மனைவி மாலை வேலைமுறையில் இருந்தாள். "நான் செய்யறேன்" என்றேன். குரல் தியாகியின் குரலாகவே வந்தது.

முதல் கடியில் மகனுக்குத் தெரியவில்லை. அவனுக்காக மறுபடி. மகள் பக்கவாட்டிலிருந்து பார்க்க வேண்டும் என்றாள், அவளுக்காக ஒன்று. வாயில் ஈரம் ஏறிவிட்டால் ஒளி குறையும் என்பதால், இருக்கிற துண்டை முழுவதும் அகற்றிவிட்டுத்தான் அடுத்ததை வைக்க வேண்டும். இருட்டில் அகற்றும் வழி ஒன்றுதான். நான் செய்து, அளந்து, எறும்பிடமிருந்து காத்த கல்கண்டு. கசக்காத, கலக்காத, சுத்தமான தித்திப்பு. அண்ணத்தில் அது உருகி இறங்கியபோது, பேக்கன் முதல் மாமியார்வரை அறிவுலகம் முழுவதற்கும் நான் நன்றி சொன்னேன். "அப்பா, இப்ப வெளிச்சமே வரலையே" என்று மகன் சொன்னது காதில் விழுந்தது. பதில் சொல்லும் நிலையில் வாய் இல்லை.

விளக்கு எரிந்தது. வாசலில் சீருடையோடு மனைவி. வேலை சீக்கிரம் முடிந்துவிட்டதாம்.

அவள் ஒன்றும் சொல்லவில்லை. கைப்பையை வைத்தாள், கடிகாரத்தைப் பார்த்தாள், உடுப்பு மாற்றிவிட்டு வந்து, குறிப்பிட்ட நேரத்தில் என் விரலைக் குத்தினாள். 13.2. மகள் சோதனைக் குறிப்பேட்டைத் திறந்து ஒழுங்காக எழுதினாள்: 'பொருள் – கல்கண்டு, ஒரு துண்டு. நிறம் – நீலம். அப்பா – 13.2.'

"ஒரு துண்டுக்கு இவ்வளவு ஏறாது" என்றாள் மனைவி, தொழில்முறைக் குரலில்.

மகள் என்னைப் பார்த்தாள். பிறகு நூலில் மிச்சம் தொங்கியதை எடுத்து, நான் முந்தின நாள் அளந்து எழுதிய குறிப்பைப் பார்த்து, கழித்தாள். தினமும் அளந்து எழுதச் சொல்லிக் கொடுத்தவன் நான்தான். 'ஒரு துண்டு' என்பதை அடித்துவிட்டு அவள் எழுதிய எண்ணை நான் இங்கே சொல்லப்போவதில்லை. மகன் சாட்சி சொன்னான், கேட்காமலே. மாமியார் தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். உள்ளே சிரிப்பு கேட்டது.

பாயான் பாருவில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்திலிருக்கும் ஸ்பைஸ் அரங்கில் பினாங்கு அறிவியல் விழா நடக்கும்போதெல்லாம் பிள்ளைகளைக் கூட்டிப் போவேன். அங்கே ஏதோ ஒரு கூடத்தில் ஒரு இளைஞர் சொன்னதை மகள் மறக்கவில்லை: ஒரு பொருள் இருந்தால் என்ன ஆகிறது என்று பார்த்தால் மட்டும் போதாது, அது இல்லாவிட்டால் என்ன ஆகிறது என்றும் பார்க்க வேண்டும், அப்போதுதான் சோதனை முழுமை. அவள் அதை அம்மாவிடம் சொன்னாள். அம்மா உடனே ஒப்புதல் அளித்தாள். இந்த வீட்டில் என் திட்டம் எதற்கும் இவ்வளவு வேகமாக ஒப்புதல் கிடைத்ததில்லை.

குளிர்பெட்டிக் கதவில் என் எஸ்.ஓ.பி. இருந்த இடத்தில் இப்போது ஒரு அட்டவணை இருக்கிறது. பொருள்: அப்பா. சீனி: இல்லை. அளவீடு: காலை, மாலை. பொறுப்பாளர்: அம்மா. தொடக்கத் தேதி மகளின் அழகான கையெழுத்தில் இருக்கிறது. முடியும் தேதி என்ற கட்டத்தைக் கேட்டேன். அந்தக் கட்டமே போடவில்லை என்றாள்.